அக்காவின் ராட்செட்

"என் ராட்செட்டை எவன் எடுத்தான்?"

நான்கு மாத விடுப்பு முடிந்து பேருந்துப் பணிமனைக்குத் திரும்பிய அக்கா, முதல் வேலையாகத் தம் கருவிப் பெட்டியைத் திறந்தார். திறந்ததும் கேட்ட முதல் கேள்வி இது.

"வேற யாரு? நம்ம லொள்ளுதான்," என்றார் எலெக்ட்ரீஷியன். "அதையாவது விடுங்க. நீங்க ஆஸ்பத்திரியில கிடக்கும்போது, கட்டைவிரலை மடக்கி டேப்பைச் சுத்திக்கிட்டு, 'அக்கா இனிமே இப்படித்தான் போல்ட் கழட்டுவாங்க'ன்னு நடிச்சுக் காட்டினான். ரெண்டு பேர் சிரிக்க வேற செஞ்சாங்க. மனுஷனா அவன்?"

அக்கா தம் வலக்கையைப் பார்த்துக்கொண்டார். பதினாறு ஆண்டுகள் எஞ்சின்களோடு மல்லுக்கட்டிய கை. கட்டைவிரலை ஃபேன் பெல்ட் விழுங்கியது போக, மிச்சம் நான்கு விரல்கள்.

அந்த நேரம் பார்த்து, 'லொள்ளு' என்று பட்டப்பெயர் வாங்கிய அந்த மெக்கானிக்கே வந்து நின்றான்.

"வாங்கக்கா! நீங்க இல்லாம பணிமனையே நிம்மதியா இருந்துச்சு."

"வாயைக் குறை. என் ராட்செட் எங்கே?"

இடுப்பில் செருகியிருந்த, போல்ட் திருகும் அந்தக் கருவியை இடக்கையால் உருவி நீட்டினான். வலக்கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை.

அக்கா வாங்கிப் புரட்டிப் பார்த்தார். வழவழவென்றிருந்த கைப்பிடியின்மேல், சைக்கிள் ட்யூபைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றியிருந்தான். திருகும் திசையை மாற்றுகிற சிறு லீவரில் ஏதோ தகட்டுத் துண்டைப் பற்றவைத்து, அதைக் கொக்கிபோல வளைத்தும் வைத்திருந்தான்.

"நாசமாக்கிட்டியேடா!"

"ஓசியில அலங்காரம் பண்ணியிருக்கேன். நன்றி சொல்ல வேண்டாம், திட்டாம இருந்தாப் போதும்."

அந்த ராட்செட்டை அக்கா அதுவரை யாரையும் தொடவிட்டதில்லை. கை இரண்டு விரற்கடை அசைய இடமிருந்தால் போதும், அடுத்த பல்லைப் பிடித்துக்கொள்ளும். அதன் 'டிக் டிக்' ஒலியைக் கேட்டே, கண்ணுக்குத் தெரியாத போல்ட் இளகுகிறதா, முரண்டுபிடிக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

ஃபோர்மேன் கடிகாரத்தைப் பார்த்தபடியே வந்தார்.

"இவன்கிட்ட என்ன பேச்சு? நாலு மாசமா ஆமை வேகம். ஒரு மணி நேர வேலைக்கு மூணு மணி நேரம். ரெண்டு தடவை எழுத்து மூலமா எச்சரிச்சும் உறைக்கல." பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். "உங்ககிட்ட நேராவே சொல்லிடறேன். மூணாம் நம்பர் பிட்ல நிக்கிற பஸ்ஸோட ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழட்டி, திரும்ப மாட்டுங்க. மதிய மணிக்குள்ள முடிஞ்சா பழைய வேலை. முடியலேன்னா நாளையிலேருந்து ஸ்டோர். உட்கார்ந்த இடத்துல வேலை. நல்லதுதானே?"

"உட்காரவா இங்க வந்தேன்?"

அக்கா பேருந்துக்கு அடியிலிருந்த பள்ளத்தில் இறங்கினார்.

கீழிரண்டு போல்ட்டுகள் வம்பில்லாமல் வந்தன. மூன்றாவதுதான் எமன். எஞ்சினுக்கும் சட்டத்துக்கும் நடுவே, பார்வை எட்டாத இடுக்கு. வலக்கை மட்டும் முழங்கை வரை நுழையும். போல்ட்டோ துருவேறிக் கிடந்தது.

வேகம் காட்டினால் முறிந்துவிடும். அரைச் சுற்றுத் தளர்த்தி, கால் சுற்று இறுக்கி, மறுபடியும் தளர்த்தித் தாஜா செய்துதான் எடுக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் லீவரைத் தட்டித் திசையை மாற்றவேண்டும். அது கட்டைவிரலின் வேலை. தடவைக்குத் தடவை கையை உருவி, இடக்கையால் மாற்றி, மறுபடியும் நுழைப்பதென்றால் பொழுது சாய்ந்துவிடும்.

"இன்னும் அம்பது நிமிஷம்," என்றது மேலிருந்து ஃபோர்மேனின் குரல்.

அக்கா ராட்செட்டோடு கையை உள்ளே விட்டார். தடித்த கைப்பிடி, கட்டைவிரலின் துணையின்றியே நான்கு விரல்களுக்குள் நழுவாமல் அமர்ந்தது. அரைச் சுற்றுத் தளர்த்தினார். பழக்க தோஷத்தில், இல்லாத விரல் லீவரைத் தேடியது.

ஆள்காட்டி விரலின் நுனி எதன்மேலோ இடித்தது. அந்தக் கொக்கி.

மெல்ல இழுத்தார்.

'டிக்.'

திசை மாறிவிட்டது. விரலாலேயே தள்ளினார். 'டிக்.' பழையபடி வந்தது.

இன்னொரு முறை இழுத்து, தள்ளிப் பார்த்தார். பிறகு ராட்செட் பேசத் தொடங்கியது. அரைச் சுற்று, கால் சுற்று. இழு, தள்ளு. முரண்டுபிடித்த போல்ட் முனகியது, இளகியது, கடைசியில் சொத்தென்று உள்ளங்கையில் விழுந்தது.

மோட்டார் இறங்கியது, ராட்செட் பேசப் பேச மறுபடியும் ஏறியது. ஓட்டுநர் சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமிய உறுமலில் தகரக் கூரை அதிர்ந்தது. மதிய மணிக்கு இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

விசில் பறந்தது. எலெக்ட்ரீஷியன் ஸ்பானரால் தகரப் பீப்பாயைத் தட்டிப் பறையாக்கிவிட்டார்.

"மூணாம் பிட் உங்களுக்குத்தான்," என்றார் ஃபோர்மேன், கடிகாரத்தை ஒருமுறை குலுக்கிப் பார்த்துவிட்டு.

"அப்ப முதல்ல இதைக் கூட்டச் சொல்லுங்க. நாலு மாசக் குப்பை அப்படியே கிடக்கு!"

முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிய அக்கா, கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்தவனைப் பிடித்து நிறுத்தினார்.

"டேய் லொள்ளு, இங்க வா. என் ஆள்காட்டி விரல் எந்த இடத்துல எட்டும்னு உனக்கு எப்படிடா தெரியும்?"

"எல்லாம் ஒரு குத்துமதிப்புதான்க்கா."

"கையைக் கொடு."

இடக்கையை நீட்டினான்.

"அந்தக் கைடா."

வேறு வழியில்லாமல் பையிலிருந்து வலக்கையை எடுத்தான். நான்கு விரல்களிலும் கிரீஸின் கருமை ஊறியிருந்தது. கட்டைவிரல் மட்டும், நான்கு மாதமாக எண்ணெயும் வெளிச்சமும் படாததாக, டேப்பின் தடத்தோடு வெளுத்துச் சுருங்கியிருந்தது.