முள்ளம்பன்றியின் பஞ்சுச் சட்டை

முயல்களின் வளைக்குக் காவலாள் தேவை என்று தெரிந்ததும், எதைப் போட்டுக்கொண்டு போவது என்ற கவலை முள்ளம்பன்றிக்கு வந்துவிட்டது. ஏற்கெனவே இரண்டு இடங்களில் அதன் முள்ளைப் பார்த்ததுமே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"உடம்பு முழுக்க இலவம்பஞ்சைச் சுத்திக்கோ. சாதுவாத் தெரிவே," என்றது அணில்.

அப்படியே கிளம்பியது. பாதி வழியில் மழை பிடித்துக்கொள்ள, பஞ்செல்லாம் நனைந்து உதிர்ந்துபோனது. வளை வாசலில் வெறும் முள்ளோடு நின்று, "மன்னிச்சிருங்க, நல்ல சட்டை போட்டுத்தான் கிளம்பினேன்," என்றது.

தாய் முயல் அதை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தது.

"நேத்துகூட எங்களைப் பிடிக்க நரி வந்துச்சு. இதுவரை வேலை கேட்டு வந்தவங்க எல்லாரும் எங்களை மாதிரியே மெத்துமெத்துன்னு இருந்தாங்க. நீங்க இன்னிக்கே சேர முடியுமா?"

முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அன்று மதியம் முயல்கள் எல்லாம் குறட்டை விட்டுத் தூங்கின.