லியூ எழுதிய ஏழு கடிதங்கள்

"இவன் அரை வயித்துக்குத்தான் சாப்பிட்டிருக்கான்க்கா."

விஜயபாஸ்கர் சொன்னதைக் கேட்டு அருணா தாளிலிருந்து தலையைத் தூக்கினாள். வளைகுடா நாட்டில், கராமா என்ற இடத்தில் ஒரு தமிழ் ஓட்டல். ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது.

"வயிறு நிறையச் சோறு போடுறாங்கன்னுதானே எழுதியிருக்கான், தம்பி?"

"ஏழு கடுதாசியிலயும் முதல் வரி சாப்பாட்டைப் பத்தித்தான் இருக்கு. நல்லா சாப்பிடுறவனுக்கு அது ஞாபகத்துலயே வராதுக்கா."

அருணா மதுரையில் ஒரு கல்லூரியில் வரலாற்றுப் பேராசிரியை. சீனாவுக்கே போய்ச் சீன மொழி கற்று, நவீன சீன வரலாற்றில் ஆராய்ச்சி செய்பவள். முதல் உலகப் போரின்போது பதுங்குகுழி வெட்டவும் சரக்கு இறக்கவும் ஒப்பந்தத்தில் பிரான்சுக்குப் போன சீனத் தொழிலாளிகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்களில் லியூ என்பவன் தன் தாய்க்கு எழுதிய ஏழு கடிதங்கள் புதிதாகக் கிடைத்திருந்தன. எல்லாவற்றிலும் நல்ல சேதிதான். அந்த முகாமில் ஆட்களை நன்றாகவே வைத்திருந்தார்கள் என்று இதைக் கொண்டே எழுதிவிடலாம் என்றார்கள், உடன் ஆராய்ச்சி செய்பவர்கள். ஷார்ஜாவில் ஒரு கருத்தரங்குக்கு வந்தவள், கடிதங்களைத் தமிழில் மொழிபெயர்த்து எடுத்து வந்திருந்தாள்.

விஜயபாஸ்கர் ஜெபல் அலி துறைமுகத்தில் ஒரு கிடங்கில் கன்டெய்னர் இறக்குபவன். பதினோரு வருடமாகத் தொழிலாளர் கேம்ப்பில்தான் வாசம்.

"இதைக் கேளு. 'மேஸ்திரி தங்கமான மனிதர். குளிர் ஒன்றும் தெரியவில்லை.'"

"தெரியலன்னா அதை ஏன் எழுதணும்? நாங்களும் போன்ல, வெயிலே இல்லன்னு சொல்வோம். ஆகஸ்ட்ல சட்டையைப் பிழிஞ்சா தண்ணி ஊத்தும்."

"அஞ்சாவது கடிதம். 'படம் எடுத்து அனுப்பச் சொல்லாதே. இங்கே படக்காரன் கிடையாது.'"

அவன் டீ கிளாஸைத் தள்ளி வைத்தான்.

"இளைச்சுப் போயிருப்பான். இல்லன்னா எங்கயாச்சும் அடிபட்டிருக்கும். எனக்கு விரல் நசுங்கினப்ப ரெண்டு மாசம் நான் வீடியோ கால் பேசல. கேமரா ரிப்பேர்னுட்டேன்."

அருணாவின் பேனா நின்றது. அவன் விரல்களைப் பார்த்துவிட்டு மறுபடி எழுதினாள்.

"அப்ப இந்தக் கடிதமெல்லாம் ஆதாரம் ஆகாதுங்கறியா?"

"ஆகும்க்கா. கேம்ப் நல்லா இருந்துச்சுங்கறதுக்கு ஆகாது. ஊர்ல அம்மா நிம்மதியாத் தூங்கணும்னு நெனச்சான் பாருங்க, அதுக்கு ஆகும்."

அவன் தாள்களை ஒழுங்காக அடுக்கி அவளிடம் நீட்டினான்.

"நூறு வருஷம் கழிச்சு நீங்க உட்கார்ந்து இதைப் படிக்கிறீங்க. தெரிஞ்சா அவன் சந்தோஷப்படுவான்க்கா."

"அந்த அத்தியாயத்தை முழுசா மாத்தி எழுதணும். புத்தகத்துல முதல் நன்றி உனக்குத்தான். பேரு, ஜெபல் அலி கேம்ப் எல்லாம் போட்டு எழுதப் போறேன்."

"அதெல்லாம் வேணாம்க்கா."

"ஏன் வேணாம்? இந்த ஆராய்ச்சியே உன்னாலதானே."

விஜயபாஸ்கர் தயங்கினான்.

"புத்தகம் நம்ம வீட்டுக்கு வரும்ல. நான் ஏசி ஆபீஸ்ல உட்கார்ந்திருக்கேன்னுதான் நம்ம அம்மா இன்னும் நெனச்சிட்டிருக்கு. உங்களுக்கு மட்டும்தானே விஷயம் தெரியும்."

அருணா தன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கடிதங்களை முதல்ல அம்மாவுக்குத்தான்டா வாசிச்சுக் காட்டினேன். ரெண்டாவதுலயே நிறுத்தச் சொல்லிருச்சு. 'எம் பிள்ளை பேசுற மாதிரியே இருக்கு, மீதியை அவன்கிட்டக் கொண்டுபோய் வாசி. உன்னைச் சைனாவுக்கு அனுப்பிப் படிக்க வெச்சவன் பேரை மறக்காம அச்சுல போடு'ன்னு என்னை உன்கிட்ட அனுப்பினதே அம்மாதான்."