இரண்டும் இடது

இரண்டுமே இடது.

அவள் கையிலிருந்ததை இன்னொரு முறை திருப்பிப் பார்த்தாள். வலது என்று நினைத்துப் பிரித்த ரெயில் சட்டத்திலும் அதே பக்கம் வளைவு, அதே பக்கம் கொக்கி. கேபினெட்டுக்குள் சர்வர் கம்ப்யூட்டரைத் தாங்க இடப்பக்கத்துக்கு ஒன்றும் வலப்பக்கத்துக்கு ஒன்றுமாக வந்திருக்க வேண்டும். பழைய சாமான் விற்ற புண்ணியவான் இரண்டு இடதைக் கட்டி அனுப்பிவிட்டான்.



புதுசு எதற்கு டாக்டர், செகண்ட் ஹேண்ட் சர்வரே போதும் என்று சொன்னது அவள்தான். சர்வரும் நன்றாகத்தான் இருந்தது. ரெயிலைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. அவளும்தான்.

ஞாயிற்றுக்கிழமை. ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற அவளும் எலக்ட்ரீஷியன் காசிமணியும் மட்டும். கேபினெட்டில் கீழே முழுக்க யூபிஎஸ் பேட்டரி. அதற்கு மேலே, வெகுநாளாக ஓடிக்கொண்டிருக்கிற சர்வர். அதன் தலைக்கு மேலேதான் இடம் காலி.

"ஒண்ணைத் தலைகீழாத் திருப்பிப் போட்டா வலது ஆயிரும்லா, சுகிர்தா மேடம்," என்றார் காசிமணி.

ஆகும். பார்க்கிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஆனால் கொக்கி கீழே பார்த்துத் தொங்கும். பூட்டாது. ஒரு சிப்பம் அரிசி கனத்தை அந்தரத்தில் நிறுத்திவைக்கிற காரியம். நழுவினால் நேராகக் கீழே ஓடுகிறதன் தலையில்தான் விழும்.

"இல்லன்னா ஆங்கிள் வெட்டிப் போட்டுருவோம். கடை அலமாரிக்கெல்லாம் போடுதோம்லா, அந்த இரும்பு. யானையே ஏறி உக்காரலாம்."

அதுவும் ஆகும். ஆனால் கேபினெட்டின் தூணில் ட்ரில் போடவேண்டும். இரும்புப் பொடி கொட்டும். துணி போட்டு மூடினாலும் விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியென்றால் ஓடுகிறதை நிறுத்தவேண்டும்.

அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அது நின்றதே இல்லை.

நிறுத்தினால் மறுபடி எழுந்திருக்குமா? அது கடவுளுக்குத்தான் தெரியும். இத்தனை வருஷத்து ஸ்கேன் படமும் அதற்குள். வேறு பிரதி கிடையாது. பிரதி எடுத்துவைக்கத்தானே இன்னொன்று வாங்கியதே.

இதற்குள் காசிமணி தலைகீழ் ரெயிலை மாட்டியே விட்டார். தட்டிப் பார்த்தார்.

"கிண்ணுன்னு நிக்கி. தூக்குவமா?"

அவள் வாங்கிவந்த சர்வரின் ஒரு ஓரத்தைப் பிடித்தாள். சரி என்று சொல்லிவிடலாம் போலத்தான் இருந்தது. காலையில் டாக்டர் வந்து பார்த்தால் பளிச்சென்று இருக்கும். வாங்கின விஷயத்தில் ஒரு குறையும் வராது.

பிடியை விட்டாள்.

"வேண்டாம்ணே."

"ஏன் இப்படிப் பயப்படுதீய? அதுக்குள்ள அப்படி என்னதான் இருக்கு?"

"எல்லாரோட ஸ்கேனும்."

"எங்க வீட்டுக்காரி படமுமா?"

அவர் மனைவி முப்பிடாதி. கல்லீரலில் சின்னதாக ஒரு புள்ளி. கொஞ்ச நாள் விட்டு மறுபடி எடுத்துப் பார்ப்போம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாளைக்கு வரச்சொல்லியிருக்கிறது. பழைய படத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தால்தான் புள்ளி வளர்ந்திருக்கிறதா என்று சொல்லமுடியும். காலையிலிருந்து சுகிர்தாவுக்கு அதே நினைப்பு. சொன்னால் மனுஷன் கலங்கிப்போவார் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஆமாண்ணே. அக்காவோடதும்தான்."

காசிமணி ரெயிலிலிருந்து கையை எடுத்தார்.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மாட்டியதைக் கழற்ற ஆரம்பித்தார்.

மாட்டுவதிலேயே புத்தி நின்றுபோயிருந்தது அவளுக்கு. இப்போதுதான் உறைத்தது. "மாட்டுறது அப்புறம் இருக்கட்டும்ணே. வாங்கினதை எங்கேயாவது படுக்கவச்சு முதல்ல படத்தையெல்லாம் அதுல காப்பி எடுத்துருவோம்."

அந்த அறையில் ஒரு முக்காலி போடக்கூட இடமில்லை. காசிமணி போய் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாசலில் நிறுத்தி, சர்வரைக் கிடத்தி, மேலே பெல்ட்டையும் போட்டு இறுக்கினார். கேபிள் எட்டியது.

காப்பி ஓடியது.

அவர் சாப்பிடப் போகவில்லை. அவள் எத்தனை சொல்லியும் போகவில்லை. பெல்ட்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

வெயில் தாழ்ந்தபோது காப்பி முடிந்தது. அங்கங்கே திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. பிறகுதான் ஸ்ட்ரெச்சரில் இருந்ததையும், வெகுநாளாக ஓடிய பழையதையும் நிறுத்தினாள். அறையில் இருந்த இரைச்சல் அடங்கியது. அவளுக்கு அது பிடிக்கவில்லை.

காசிமணி ட்ரில் போட்டார். ஆங்கிளை முறுக்கினார். ஈரத்துணியால் பொடியை ஒற்றி ஒற்றி எடுத்தார். இரண்டு பேருமாகத் தூக்கிவைத்தார்கள். ஆடவில்லை, அசையவில்லை.

பழையதன் சுவிட்சை அழுத்தினாள்.

பச்சை விளக்கு ஒருதரம் மின்னியது. விசிறி கொஞ்சம் முனகியது. அவ்வளவுதான்.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும்.

"போச்சா மேடம்?" காசிமணி குனிந்து அந்த விளக்கைப் பார்த்தார்.

அவள் மேலே இருந்ததை ஓடவிட்டாள். முப்பிடாதி என்று அடித்தாள்.

படம் வந்தது.

கருப்பும் சாம்பலுமாக என்னவோ தெரிந்தது. காசிமணி கிட்டே வந்து நின்றார். கண்ணால் தேடினார். கிடைக்கவில்லை.

"எங்க இருக்கு?"

அவள் அந்த இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

திரையில் கைபடாமல், புள்ளியின் பக்கத்தில் கட்டைவிரல் நகத்தை வைத்து அளந்தார். நகத்தில் பாதி.

"நாளைக்கும் இவ்வளவுதான் இருக்கும், என்ன தாயி?"



அவர் நகத்தை எடுக்கவில்லை.