ஏழாம் நம்பர் பெட்டி

காலையிலிருந்து குனிந்தே இருந்ததில் அங்காளம்மாளுக்கு இடுப்பு கழன்றுவிடும்போல வலிக்கிறது. லாந்தர் கண்ணாடி பெட்டி கட்டும் காக்களூர் ஷெட்டின் தகரக் கூரை வழியே உச்சி வெயில் இறங்குகிறது. சாப்பாட்டுச் சங்கு ஊதியும் அவள் எழவில்லை. தன் ஏழாம் நம்பர் எழுதிய மரப்பெட்டியை ஒரு பக்கமாகத் தூக்கி ஆட்டி, காதை வைத்துக் கேட்கிறாள். உள்ளே லாந்தர் கண்ணாடிகள் லேசாகக் கிணுகிணுக்கின்றன. போன வாரம் உடைந்த சரக்கு திரும்பி வந்தபோது, பெட்டியில் யார் நம்பர் இருந்ததோ அவளை மேஸ்திரி வேலையை விட்டே அனுப்பிவிட்டார். இந்தப் பெட்டியைக் கட்டியது அங்காளம்மாள் இல்லை. முந்தாநாள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அவள் பாதியில் ஓடியபோது, பக்கத்தில் வேலை செய்யும் விக்டோரியா இதையும் சேர்த்துக் கட்டி வைத்தாள். அன்று மழை. அன்றைய ஈர வைக்கோல் இப்போது காய்ந்து சுருங்கிவிட்டது. அங்காளம்மாள் ஆணிகளைப் பிடுங்குகிறாள். "இன்னாக்கா, என் கை மேல நம்பிக்க இல்லியா?" என்கிறாள் விக்டோரியா. "உன் கை மேல இருக்குதுடி. வைக்கோலு மேலதான் இல்ல." விக்டோரியா சிரித்துக்கொண்டே, சாப்பிடத் திறந்த தன் தூக்குச்சட்டியை மூடிவிட்டு வந்து உட்காருகிறாள். ஒவ்வொரு கண்ணாடியின் வயிற்றிலும் காய்ந்த வைக்கோலைத் திணித்து, வெளியிலும் சுற்றி, ஒன்றோடொன்று முட்டாமல் இருவரும் அடுக்குகிறார்கள். "இன்னாமே ஆடிக்கினு கீறீங்க? லாரி நிக்குதுல்ல!" என்று வாசலில் மேஸ்திரி கத்துகிறார். மூடியில் ஆணி அறைந்து, அங்காளம்மாள் மறுபடி ஆட்டிக் கேட்கிறாள். சத்தமே இல்லை. பெட்டி லாரியில் ஏறும்போது வேலைச் சங்கு ஊதுகிறது. தூக்குச்சட்டி மூடியபடியே இருக்கிறது. விக்டோரியாவுக்கு அங்காளம்மாள் ஒரு பெட்டியும் ஒரு வேளைச் சோறும் பாக்கி வைத்திருக்கிறாள்.