மகன் பெயரில் யாரோ

"அந்தத் திருடன் சிக்கினா அடிச்சு கிடிச்சு வெச்சிடாதீங்க மேடம். அவன் நல்லா இருக்கணும்!"

வேங்கிக்கால் சைபர் க்ரைம் அலுவலகத்தில் மருதேவி கும்பிட்டபடி இப்படிச் சொன்னதும், சப்-இன்ஸ்பெக்டர் வேதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திருடனுக்குச் சிபாரிசு செய்யும் புகார்தாரரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

"உங்க புள்ள பேரையும் போட்டோவையும் திருடி, வாட்ஸ்அப்ல உங்களையே ஏமாத்தப் பாத்திருக்காங்க. அவங்களுக்குப் போய்ச் சிபாரிசாம்மா?"

"ஆமாங்க. ஜினேந்திரன் எங்க ஜனத்துல கட்டாம, சென்னையில இஷ்டப்பட்ட பொண்ணைக் கட்டிக்கிட்டான். கோவத்துல நாலு வருஷமா அவன்கிட்ட நான் பேசவே இல்ல. போன வாரம் புது நம்பர்லேர்ந்து, 'அம்மா, நம்பர் மாத்திட்டேன். ராத்திரி சாப்பாடு ஆச்சா?'ன்னு வந்துச்சு."

"அதுல என்ன சந்தேகம்?"

"நாங்க ஜைனருங்க. பொழுது சாஞ்சா சாப்பிட மாட்டோம். என் புள்ளைக்கு அது தெரியாதா? எவனோ அவன் பேரைத் திருடிட்டான்னு பதறிப்போய், வீம்பையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு அவனோட பழைய நம்பருக்கு அடிச்சேன். 'அம்மா'ன்னான். அவ்ளோதான், ரெண்டு பேரும் ஓன்னு அழுதோம். அவன் சொல்லித்தான் புகாரே குடுத்தேன். இப்ப தினமும் பேசறோம். திருடன் புண்ணியத்துல என் புள்ள எனக்குத் திரும்பக் கெடைச்சான் மேடம்!"

மருதேவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நாலு வருஷம் இறுகிக் கிடந்த முகம் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். அவ்வளவு நிறைவாக இருந்தது.

வேதா கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள்.

"ஆளைக் கண்டுபிடிச்சாச்சும்மா. திருடன் இல்ல, ஒரு பொண்ணு. நேத்து போன்ல விசாரிச்சேன், உடனே ஒத்துக்கிச்சு. 'தெரிஞ்சேதான் தப்பாக் கேட்டேன் மேடம். சந்தேகம் வந்தா அவங்க புள்ளைக்குப் போன் பண்ணித்தானே ஆகணும்'னு சொல்லுது. புகாரை என்ன செய்யறதுன்னு நீங்கதான் சொல்லணும். கவிநிலான்னு பேரு. தெரிஞ்சவங்களா?"

மருதேவி மேசை மேலிருந்த புகார் மனுவை எடுத்து நாலாக மடித்தாள்.

"தெரியும் மேடம். நான் இன்னிவரைக்கும் வாசப்படி ஏற விடாத என் மருமக."