பதினெட்டு வோல்ட் காது

"அண்ணே, கிட்டார் சத்தத்தை மாத்துற இந்தப் பெடலுக்கு ஒன்பது வோல்ட் பத்தலை. கிட்டார் மூக்கடைச்ச மாதிரி பாடுது. பதினெட்டு குடுங்க, சத்தம் உடையாம விரியும். முழுப் பாட்டையும் மறுபடி வாசிக்கிறேன்" என்றார் கிட்டார்காரர்.

ஒலிப்பதிவாளருக்குச் சுருக்கென்றது. ஊரே பாம்புச்செவி என்று கொண்டாடுகிற தனக்குக் கேட்காத வித்தியாசம் இந்த ஆளுக்குக் கேட்கிறதாமே!

"பத்துத் தடவை மாத்தி மாத்திக் குடுக்கிறேன். ஒண்ணு தப்பினாலும் பழைய பதிவுதான் வெளியே போகும்."

மின் அடாப்டரை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

கிட்டார்காரர் ஒவ்வொரு தடவையும் ஒரு தந்தியை மீட்டி, நிமிர்ந்து பார்த்துச் சொன்னார். "ஒன்பது... பதினெட்டு... மறுபடியும் பதினெட்டு..."

பத்தும் சரி!

ஒலிப்பதிவாளர் வீம்பை விட்டார். பதினெட்டு வோல்ட்டிலேயே பாட்டு முழுவதும் மறுபடி பதிவானது. வந்தவர் போனவரிடமெல்லாம், "கேளுங்க, என்ன விரிவு! என்ன தெளிவு!" என்று அவரே மெச்சினார்.

கிட்டார்காரர் கிளம்பும்போது ஒலிப்பதிவாளர் மெல்லக் கேட்டார். "தம்பி, அந்த வித்தியாசத்தை எப்படிக் கண்டுபிடிச்சீங்க? எனக்கும் சொல்லிக்குடுங்க."

"எனக்கும் ஒண்ணும் கேக்கலைண்ணே. பெடல் உங்க சொந்தப் பெடல். பதினெட்டு குடுக்கும்போதெல்லாம் எங்க புகைஞ்சிடுமோன்னு நீங்க பல்லைக் கடிச்சீங்க."

"அடப்பாவி! அப்ப எதுக்கு மறுபடி வாசிச்சீங்க?"

கிட்டார்காரர் தலையைச் சொறிந்தார்.

"முதல் பதிவுல மூணு இடத்துல தப்பா வாசிச்சிட்டேன். நீங்களே 'பிரமாதம்'னு சொன்னப்புறம், நான் எப்படிண்ணே சொல்றது?"