முன்சீட்டு ஈரம்

மீன் ஏற்றும் பழைய பிக்கப்பில், ஸஜாத் இருக்கும் பக்கத்துக் கார்பெட் மட்டும் எந்த நாளும் ஈரம். காரணம் றஊபுக்குத் தெரியும். மத்தியான ளுஹர் தொழுகைக்கு மச்சான் ஸஜாத் முதலில் பள்ளிக்குப் போவான்; தொழுமுன் முகம், கை, கால் கழுவும் ஒழுவும் அங்கேதான். அவன் திரும்பும்வரை மீனுக்குக் காவல் றஊப்.

“ஒழுச் செஞ்சா காலத் தொடச்சிட்டு ஏறு எண்டு எத்தின தரம் சொல்லுற?”

“மறந்திட்டன் மச்சான்.”

ஒருநாள் என்ஜின் கொதித்து நின்றது. காரைதீவு மெக்கானிக் துசாந் டேஷ்போர்டைக் கழற்றி, உள்ளே ஹீட்டரின் குட்டி ரேடியேட்டரைக் காட்டினார். அதிலிருந்து என்ஜினைக் குளிர்விக்கும் பச்சைத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஈரம் இதாலதான். புதுசு போட்டா நிண்டிரும்.”

பழி நீங்கியும் ஸஜாத்தின் முகம் ஏனோ தெளியவில்லை. “நம்மட ஊர் வெயிலுக்கு ஹீட்டர் என்னத்துக்கு மச்சான்? விடுங்க.”

றஊப் விடவில்லை. புதியதைப் போட்டாயிற்று.

மறுநாள் ளுஹருக்குப் பிறகு பார்த்தால், கார்பெட் சொதசொதவென்று நனைந்திருந்தது. மச்சானை மறுபடி குறை சொல்ல மனம் வராமல், றஊப் வண்டியை நேரே துசாந்திடம் விட்டான்.

“என்ன பாஸ், திரும்பவும் ஒழுகுது.”

துசாந் விரலால் தொட்டுப் பார்த்தார். “பச்சையா இல்லையே, றஊப் நானா. இது நல்ல தண்ணி.”

றஊப் திரும்பி ஸஜாத்தைப் பார்த்தான்.

“அது என்ட கால் ஈரம் மச்சான்” என்றான் ஸஜாத், மெல்ல. “மெய்யாப் பள்ளிக்குப் போனது இண்டைக்குத்தான்.”